அகத்தி வேலியும் ஏழு வீட்டுத் துவாதசியும்

எனக்குக் கோபம் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். மலையாள நாட்டு ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பத்து நான்கு வருஷம் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்தவனுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? கீழே மிளகாய்க் கிட்டங்கி, மேலே எங்கள் குடித்தனம். லாரி வந்து மூட்டை இறக்குகிற நாளில் எங்கள் மாடிப்படியில் தும்மாமல் ஏறியவன் கிடையாது. எனக்கு அது தும்மலோடு போயிற்று. அவளுக்கு இளைப்பாக நெஞ்சில் தங்கிவிட்டது.

வருஷத்துக்கு ஐந்தாறு தடவை மூச்சு விடமுடியாமல் திணறுவாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். மருந்து ஆவி வருகிற மூடியை மூக்கில் மாட்டி உட்கார வைப்பார்கள். நான் பக்கத்தில் இருந்துகொண்டு, "கடையை விட்டதும் உன்னை நல்ல காத்து உள்ள இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன் பாரு" என்பேன். மூடி மாட்டியிருப்பதால் அவளால் பதில் சொல்ல முடியாது. அது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

சொன்னபடி செய்தேன். கடையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, நெடுமங்காடு போகிற வழியில் பன்னிரண்டு சென்டும் ஓட்டுவீடும் வாங்கினேன். வீட்டுக்குப் பின்னால், கிழக்கே, கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. பாகல் பந்தலும் பயற்றுக் கொடியும் வாழையுமாக ஒருவர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் விழுந்தேன். அவளிடம் கேட்கவில்லை. பத்திரம் பதிந்த பிறகு கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி அசத்த வேண்டும் என்று நினைப்பு. அசந்துதான் போனாள். முதல் மூன்று நாள் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்தாள்.

நான்காம் நாள் காலை காப்பியோடு உட்கார்ந்திருக்கிறோம். பந்தலுக்குள் ஒரு மோட்டார் உறுமிற்று. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு, மூக்கில் தோர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வயல்காரர் மருந்தடிக்கிறார். மலைப்பக்கமிருந்து காற்று. வெள்ளை வெள்ளையாக ஒரு மூட்டம் பந்தலைத் தாண்டி, என் எல்லைக் கல்லைத் தாண்டி, நேராக எங்கள் காப்பியில் வந்து இறங்கிற்று. மத்தியானத்துக்குள் அவளுக்கு இளைப்பு. நெடுமங்காட்டு ஆஸ்பத்திரியிலும் அதே மூடி, அதே நாற்காலி.

சாயங்காலம் நான் வயலுக்குப் போய்க் கத்திய கத்தில் கொக்கெல்லாம் பறந்துபோயிற்று. அவர் ஐம்பது வயது மனிதர், ஒல்லி, சத்தமே வராது. டப்பாவைக் கழுவிக்கொண்டே, "ஞான் எந்து செய்யும் அண்ணாச்சி? மருந்து அடிச்சில்லெங்கில் பாவய்க்கா முழுக்க ஈ கொண்டுபோகும். காற்று வீசுன்னது என்றெ கையில் அல்லல்லோ" என்றார். நியாயமான பேச்சு; அடிக்காவிட்டால் பாகற்காயை ஈ தின்றுவிடும், காற்று வீசுவது அவர் கையிலா இருக்கிறது? நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு இன்னும் கோபம் ஏறும். மறுநாள் ஒரு கட்டு பயறு கொண்டுவந்து கொடுத்தார். "இது எங்கள்க்கு வீட்டுக்குள்ளது, மருந்து அடிக்காத்தது" என்றார். அவர்கள் வீட்டுக்கு மட்டும் கிணற்றடியில் தனியாக நாலு கொடி. சொன்னதோடு ஒரு சிரிப்பு வேறு.

பத்து நாளுக்கு ஒரு தடவை மருந்து. மூன்றாம் தடவை ஆஸ்பத்திரி போய்த் திரும்பும்போது ஆட்டோவில் என் மனைவி சொன்னாள்: "கேட்டியளா, மொளகாயாவது திங்கிற சாமான். இன்னும் ஒரு தடவை அந்த மூடிய என் மூக்குல வச்சாங்கன்னா, நான் மக பிளாட்டுக்குப் போயிருவேன். நீங்க இங்க இருந்து நல்லா காத்து வாங்குங்க."

மகள் பட்டணத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். அவள் அழைக்காத நாளில்லை. என் மனைவி சொன்னால் சொன்னதுதான். நாற்பது வருஷத்தில் இரண்டு தடவைதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள், இரண்டும் நடந்தது.

மறைப்பு கட்டினால் தீர்ந்தது என்று இறங்கினேன். தேர்தல் முடிந்து சும்மா கிடந்த ஃபிளெக்ஸ் போர்டுகளைத் தெரிந்த கட்சிக்காரர் ஒருவர் கொடுத்தார். கமுகுக் கம்பு நட்டு, எல்லை நெடுகக் கட்டினேன். பின்வாசலைத் திறந்தால் பதினொரு வேட்பாளர்கள் வரிசையாகக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். தோற்றவர்களும் அதில் உண்டு. அடுத்த மருந்தடியின்போது நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மூட்டம் வந்தது. வேட்பாளர்கள் மேல் முட்டிற்று. அப்படியே மேலே ஏறி, தலைகளைத் தாண்டி, சுழன்று, முன்பு பின்வாசலோடு நின்ற சனியன் இப்போது சமையலறைப் புகைக்கூண்டு வழியாக உள்ளே வந்தது. அவளைக் கதவடைத்த அறையில் உட்கார வைத்திருந்ததால் மூச்சுக்குப் பம்ப் அடித்ததோடு தப்பினோம்.

கிருஷி ஆபீசில், அதுதான் விவசாய ஆபீசில், ஒரு பெண் அதிகாரி இருந்தாள். என் மகளைவிட இளையவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அங்கிள், சுவர் மாதிரி அடைச்சா காத்து மேல ஏறி அந்தப் பக்கம் விழும். உயிர்வேலி வைக்கணும். காத்து உள்ள நுழையணும், ஆனா வேகம் குறையணும். இலை சின்னச் சின்னதா, நிறைய இருந்தா மருந்துத் துளியெல்லாம் இலையில ஒட்டிக்கும். பந்தலைவிட உயரமா, ரெண்டு வரிசை, சீக்கிரம் வளர்ற மரம்..." என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். முதல் வரி, இரண்டாம் வரி, அடிக்கோடு வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. "மோளே, நான் மூட்டையைத் தட்டிப் பாத்தே உள்ள என்ன ரகம்னு சொல்லுறவன். எனக்கு எழுதிக் குடுக்கணுமா? புரிஞ்சாச்சு" என்று எழுந்து வந்துவிட்டேன். பின்னால் அவள், "அங்கிள், இன்னும் ஒண்ணு..." என்றது காதில் விழுந்தது. இன்னும் ஒன்று கேட்டால் என்ன குறைந்துபோயிருப்பேன்?

வீட்டில் வந்து சொன்னேன். சின்ன இலை, உயரம், சீக்கிரம் வளரணும். என் மனைவி யோசிக்கவே இல்லை. "அகத்தி" என்றாள்.

எனக்கும் அது சட்டென்று பிடித்துவிட்டது. அகத்திக்கு இலை சிறிசு, ஒரே மழைக்காலத்தில் தலைக்கு மேல் போகும். எங்கள் ஆட்களின் குணம் அப்படி. சமையலுக்கு ஆகாத செடிக்கு வீட்டில் ஒரு சாண் மண் கொடுக்க மாட்டோம். பூச்செடி வாங்கினால்கூட, இதைத் துவையல் அரைக்கலாமா என்று கேட்டுத்தான் வாங்குவாள். வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கும் முன் இரண்டு வரிசையாக விதைத்தோம். வேட்பாளர்களை அவிழ்த்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டேன். ஐப்பசியில் அகத்தி இரண்டு ஆள் உயரம்.

வேலை செய்தது என்றால் அப்படிச் செய்தது! மூட்டம் வந்து அகத்திக்குள் நுழையும். நுழைந்தது வெளியே வராது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் இலை மட்டும் லேசாக நனைந்து ஆடும். அவள் பின்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார ஆரம்பித்தாள். நான் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வேலியைக் காட்டினேன். பக்கத்து வயல்காரரும் வந்து பார்த்து, "கொள்ளாமல்லோ, நன்னாயிட்டுண்டு" என்றார். எனக்கு நடையே மாறிவிட்டது.

அப்போதுதான் மாமி வந்தாள். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருப்பவள், என் மனைவிக்குப் பஜனைத் தோழி. ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் வீடு பார்க்க வந்தவள் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியம்மா! இத்தனை அகத்தியா! சாலைக் கடைத்தெருவில துவாதசிக்கு ஒரு பிடி கிட்டாம நான் எத்தனை நாள் அல்லாடியிருக்கேன் தெரியுமோ? ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்துட்டு, மறுநாள் பாரணைக்கு அகத்தி இல்லேன்னா விரதமே பூர்த்தி இல்லையே!"

என் மனைவி முறத்தை எடுத்து வந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வடகோடியில் மூன்று மரம் மொட்டையாயிற்று. அதன் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, ஏகாதசி மத்தியானம் மாமி பையோடு வருவாள். மாமி சொல்லி எதிர்வீட்டு மாமிக்கு, அவள் சொல்லி அடுத்த வீட்டுக்கு. ஒரு துவாதசி கழிந்த மறுநாள் வயலில் மருந்தடித்தார்கள். வேலியில் வெறும் குச்சி. மூட்டம் கேட்பாரில்லாமல் உள்ளே வந்தது. அவளுக்கு அன்று இரவெல்லாம் நெஞ்சில் விசில். பம்பை நாலு தடவை அடித்தாள், மூடி வைக்கிற அளவுக்குப் போகவில்லை.

"ஏ இவளே, உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? உன் மூச்சுக்குன்னு வளத்ததை ஊருக்குக் கிள்ளிக் குடுக்கியே!" என்று குதித்தேன்.

"துவாதசிக்கு அகத்தி கேட்டு வாறவங்கள வெறுங்கையோட அனுப்பச் சொல்லுதியளா? நம்ம குடும்பம் வெளங்குமா?"

"நீ மக வீட்டுக்குப் போயிட்டா மட்டும் வெளங்குமோ?"

மார்கழி பிறந்தது. வைகுண்ட ஏகாதசி. நான் காலையிலிருந்தே வேலியடியில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். முன்தினம் பொழுதோடு வயலில் மருந்தடித்திருந்தார்கள், வேலி நன்றாகத் தாங்கியிருந்தது, நான் திருப்தியாக இருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணசந்தேன். விழித்துப் பார்த்தால் தெற்கும் வடக்கும் குச்சி. மாமி இரண்டு பெரிய பை நிறையப் பறித்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸில் போய்விட்டாள். ஏழு வீட்டுக்காம்.

துவாதசி காலையில் வயல்காரர் பந்தலைப் பார்க்க வந்தவர், என் வேலியைப் பார்த்து நின்றார்.

"ஐயோ, அண்ணாச்சி! இலையெல்லாம் எவிடே போயி? புழுவா? ஞான் மருந்து தராம்."

"புழு இல்லை ஓய், துவாதசி" என்றேன் எரிச்சலாக. "கோட்டைக்குள்ளருந்து வந்து பறிச்சிட்டுப் போயிட்டா."

"எதுக்கு?"

"எதுக்கா? திங்கதுக்கு."

அந்த மனிதரின் முகம் வெளுத்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன். கையிலிருந்த மண்வெட்டி கீழே விழுந்தது. "அண்ணாச்சி, மினிஞ்ஞாந்நு ஞான் அடிச்சதத்தனையும் அதிலல்லே இருக்குன்னது? ஒராழ்ச்ச கழியாதெ தொடாம் பாடில்லாத்த மருந்து!"

முந்தாநாள் அடித்தது. ஒரு வாரம் தொடக் கூடாதது. இலையில் ஒட்டிக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னதைத்தான் நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். ஒட்டிக்கொண்டது எங்கே போகும் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நினைத்துப் பார்த்தேனா? விஷத்தைப் பிடிக்க ஒரு வேலியும் போட்டு, அந்த வேலியைக் கீரையாகவும் போட்டு, அதை விரதக்காரர்களுக்குத் தானமும் செய்திருக்கிறேன். முன் துவாதசிகளில் கொடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாமிக்குப் போன் அடித்தோம். அணைத்து வைத்திருந்தாள். ஜபம் முடிந்து பாரணை ஆகும்வரை தொடமாட்டாள். வேறு யார் நம்பரும் கிடையாது. "கேறு அண்ணாச்சி!" என்று வயல்காரர் ஸ்கூட்டரை உதைத்தார். ஏறப் போனால், ஹெல்மெட் இல்லாமல் போகமுடியாது, வழியெல்லாம் கேமரா என்கிறார். ஏழு வீடு விஷம் தின்னப் போகிறது, இவருக்குக் கேமரா! கடைசியில் அவர் மகளின் ஹெல்மெட் கிடைத்தது. ரோஸ் நிறம், முன்னால் பூனைக் காது இரண்டு. அதை மாட்டிக்கொண்டு, அறுபத்தெட்டு வயதில், இருபது கிலோமீட்டர் போனேன்.

அக்கிரகாரத் தெருவில் மார்கழிக் கோலம், வாசலுக்கு வாசல் தேர் அகலத்துக்கு. அந்த மனிதர் ஒரு புள்ளி கலையாமல் ஓரத்தோடு ஓரமாக வளைத்து வளைத்து ஓட்டுகிறார். "ஏறிப் போரும் ஓய், கோலம் நாளைக்கும் போடலாம்!" என்று பின்னாலிருந்து கத்தினேன். ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன.

மாமி வீட்டில் இலை போட்டாயிற்று. மாமா உட்கார்ந்து நீர் சுற்றிக்கொண்டிருந்தார். இலையில் அகத்திப் பொரியல், தேங்காய் தூவி. நான் பூனைக் காதோடு உள்ளே பாய்ந்து, "தொடாதீங்க!" என்றேன். மாமா தொட்டுவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, விரல் இலைமேல் நின்றது.

"என்ன இது அக்கிரமம்? பாரணைக்கு நாழி தப்பறது!" என்றாள் மாமி. "மூணு வெள்ளத்துல அலம்பித்தான் நறுக்கினேன்."

நான் வாயைத் திறக்குமுன் வயல்காரர் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "கழிக்கல்லே சாமீ, சாப்பிடாதீங்க. விஷமா. ஞான் அடிச்சதா" என்றார். அப்படியே அழுதுவிட்டார். சத்தமே வராத மனிதர் அழுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போலாயிற்று.

பிறகு ஆறு வீடு. மாமி முன்னால், வயல்காரர் கையில் பெரிய அடுக்குப் பானை, பின்னால் நான். வீடு வீடாகப் படியேறி அகத்திப் பொரியலைப் பிச்சை வாங்கினோம். பட்டினி கிடந்தவர்களிடமிருந்து தட்டைப் பிடுங்குவது லேசான காரியம் இல்லை. ஒரு வீட்டுப் பெரியவர், பாரணை தவறினால் பாவம் யாருக்கு என்று சட்டம் பேசினார். இன்னொரு வீட்டு மாமி, "போன துவாதசிக்குக் கசப்பு கொஞ்சம் தூக்கலா, நன்னா இருந்ததே!" என்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஏழு வீட்டிலும் யார் வாயிலும் போகவில்லை. எல்லாரும் நெல்லிக்காயைக் கடித்து விரதத்தை முடித்துக்கொண்டார்கள். முந்திய துவாதசிகளில் சாப்பிட்டவர்களையும் விசாரித்தேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். அதைத் தெய்வச் செயல் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு கணக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது கிருஷி ஆபீசில் இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துபோயிற்று. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பூனைக் காதைப் பார்த்தாள், பிறகு அன்று விட்ட இடத்திலிருந்தே தொடங்கினாள்: "இன்னும் ஒண்ணு அங்கிள். இலையில மருந்து ஒட்டும். அதனால திங்கிற எதையும் வேலியில வைக்கக் கூடாது. சவுக்கு வையுங்க." அந்தத் தாளை இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கோலம், நீர் சுற்றிய விரல், பானை. சொல்லச் சொல்ல எங்களுக்கே வீரம் ஏறிக்கொண்டு வந்தது. அவள் முழுவதையும் கேட்டாள். ஏழு வீட்டாரும் தப்பித்தார்கள் என்றதும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஊரார் தட்டுல விழுந்துட்டுன்னதும் ரெண்டு பேரும் தலைதெறிக்க ஓடுனிய. ஒரு வருசமா என் நெஞ்சுல விழுந்ததே, அதுக்கு யாரு ஓடுனா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. இளைப்புக்காரர்கள் சத்தம் போடமாட்டார்கள். வயல்காரருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனார், ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைச் சொல்வதற்கு என்ன.

அகத்தியை வேரோடு பிடுங்கினோம். சவுக்குக் கன்றுகளை அவரே கொண்டுவந்து, அவருடைய பக்கம் ஒரு வரிசை, என் பக்கம் ஒரு வரிசை நட்டார். எல்லையை ஒட்டிய நாலு பந்தலுக்கு இனி மருந்து கிடையாது, ஈ தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்றார். ஆனாலும் சவுக்கு முழங்கால் உயரம்தானே. அடுத்த மருந்தடிக்கு முந்திய சாயங்காலம் அவள் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்திருந்தாள். திறந்தே கிடந்தது. இரண்டு புடவை மடித்து உள்ளே போயிருந்தது. நான் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி வாசலில் போய் உட்கார்ந்தேன்.

படலைக் கதவருகே வயல்காரர். என்னிடம்தான் வருகிறார் என்று எழுந்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே பார்த்து, "சேச்சீ, நாளெ ராவிலெ அடிச்சோட்டே?" என்று, காலையில் மருந்தடிக்கலாமா என அனுமதி கேட்டார்.

அவள் வெளியே வந்தாள். ஒரு கணம் அவளுக்கு யாரைக் கேட்கிறார் என்று புரியவில்லை. பிறகு பின்வாசலுக்குப் போய், வாழை இலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று நின்று பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "நாளைக்கு வேண்டாம். காத்து இங்கோட்டு வருது. திரும்பட்டும், சொல்லுதேன்" என்றாள். "சரி சேச்சி" என்று அவர் போய்விட்டார்.

ராத்திரி மகள் போனில் கேட்டாள், நாளைக்குக் கார் அனுப்பட்டுமா, எத்தனை மணிக்கு என்று. என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து, ஒரு கையால் புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துக்கொண்டே பேசினாள்.

"இல்ல மக்கா, வரல. இங்க என்னைக் கேக்காங்க."